1805ஆம் ஆண்டு பாணி மஸ்லின் கவுன்: பழைய பேட்டர்னை வைத்துக் கையால் தைப்பது எப்படி?

இந்த கவுனின் வேலையெல்லாம் முதுகில் இருக்கிறது. 1800க்கும் 1810க்கும் இடையில் இங்கிலாந்துப் பெண்கள் அணிந்த வெள்ளை மஸ்லின் கவுனை முன்னாலிருந்து பார்த்தால், மார்புக்குக் கீழே ஒரு நாடா, அதிலிருந்து தரை வரை விழும் துணி, அவ்வளவுதான். திருப்பிப் பாருங்கள். இரண்டு வளைந்த தையல்கள் அக்குளுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, நடு முதுகை நோக்கி இறங்கி, நான்கு விரல்கடை அகலத்துக்குள் வந்து நிற்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு கெஜத்துக்கும் அதிகமான துணி சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது, பின்பக்கம் சரிந்திருக்கும். கையும் அதேபோல முதுகுப் பக்கமாகத் தள்ளியே பொருத்தப்பட்டிருக்கும். இன்றைய பிளவுஸ் பேட்டர்ன் எதையும் கொஞ்சம் திருத்தி இந்த உருவத்தைக் கொண்டுவர முடியாது. நான் முதல் தடவை அப்படித்தான் முயன்றேன். தோள் தையலை வழக்கமான இடத்தில் வைத்துத் தைத்து முடித்தபோது, மேலே நவீன நைட்டி, கீழே நீளப் பாவாடை என்றுதான் இருந்தது. நல்ல துணி ஐந்து மீட்டர் போயிற்று.

ஆகவே அந்தக் காலத்து வெட்டிலிருந்தே தொடங்குவோம். முன்பக்கம் ஏப்ரன் மாதிரி கீழே இறங்கித் திறக்கும் வகையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஏப்ரன் ஃப்ரண்ட் கவுன் என்பார்கள். பட்டன், ஹூக் எதுவும் இல்லாமல் நாடாவாலும் குண்டூசியாலுமே மூடலாம் என்பதால், உடல் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கவுன் ஒத்துழைக்கும். முதல் முறை தைப்பவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

பேட்டர்ன் எங்கே கிடைக்கும், அதை எப்படி வாசிப்பது

1805இல் கடையில் வாங்கக்கூடிய அளவு வாரியான காகிதப் பேட்டர்ன் கிடையாது. பட்டரிக் நிறுவனம் அளவு பிரித்த காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கியது 1863இல்தான். 1809இல் தொடங்கிய ஆக்கர்மன் இதழ் போன்றவை கை வண்ணம் தீட்டிய உடைப் படங்களைத் தந்தன. உருவம் தெரிந்துகொள்ள அவை உதவும், வெட்டுவதற்கு உதவாது. நமக்குக் கிடைக்கும் பேட்டர்ன்கள், எஞ்சியிருக்கும் பழைய உடைகளை அருங்காட்சியகங்களில் வைத்து அளந்து பின்னாளில் வரைந்தவை. இந்த வேலையில் முதல் மரியாதை ஜேனட் ஆர்னால்டுக்கு. 1932 முதல் 1998 வரை வாழ்ந்த இந்த ஆங்கிலேய ஆய்வாளர், ஒவ்வொரு உடையின் ஒவ்வொரு துண்டையும் எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டத் தாளில் வரைந்து, எந்த ஓரம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்பது வரை குறித்து வைத்தார். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி கலை அருங்காட்சியகமும் தன்னிடமுள்ள சில உடைகளின் வெட்டு வரைபடங்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் இந்தக் காலக் கவுன்களின் படங்கள் உண்டு. முதுகுப் பக்கப் படம் கிடைத்தால் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், தைக்கும்போது திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

எட்டில் ஒரு பங்கு என்றால், வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு எட்டிலொரு இஞ்ச் கட்டமும் உங்கள் காகிதத்தில் ஒரு இஞ்ச். பிரவுன் காகிதத்தில் ஒரு இஞ்ச்சுக்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, வரைபடத்தின் மூலைப் புள்ளிகளைக் கட்டம் எண்ணிக் குறியுங்கள். நேர்கோடுகளை முதலில் இணைத்துவிட்டு வளைவுகளைக் கடைசியில் கையால் வரையுங்கள். இத்தகைய வரைபடங்களில் பெரும்பாலும் தையலுக்கான துணி சேர்க்கப்பட்டிருக்காது. அதை நீங்கள்தான் விட வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்தில் இருப்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு பெண்ணின் உடல். அவள் தோள் சரிவு, அவள் முதுகு நீளம். அதைச் சதவீதம் போட்டுப் பெரிதாக்கினால் கழுத்தும் கைக்குழியும் சேர்ந்து அகன்று, கவுன் தோளைவிட்டு வழுக்கி விழும். அக்காலத் தையற்காரிகள் லைனிங் துணியை உடுத்துபவர் உடலின் மேலேயே வைத்துக் குத்தி, வெட்டி, உருவம் கொடுத்தார்கள். நாமும் அதையே செய்யப் போகிறோம். எந்தத் துண்டு எங்கே வரும், தையல் எந்தத் திசையில் ஓடும் என்பதை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அளவை லைனிங்கிலிருந்து எடுங்கள்.

உள்ளாடை முதலில்

கவுனுக்கு அளவு எடுக்கும் முன் அதற்குள் என்ன அணியப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். அக்கால வரிசை: முழங்கால் வரை வரும் லினன் ஷிஃப்ட், அதன் மேல் ஸ்டேஸ் எனும் கச்சு, அதன் மேல் உள்பாவாடை, பிறகு கவுன். இந்தக் காலத்துக் கச்சின் வேலை இடுப்பை இறுக்குவதாக இருக்கவில்லை. மார்பை மேலே தூக்கிப் பிடிப்பதும், நடுவில் தட்டையான மரச் சட்டம் ஒன்றைச் செருகி இரு பக்கமும் பிரிப்பதும்தான் அதன் வேலை. இதனால் மார்புக்குக் கீழ்க்கோடு இன்றைய பிராவில் வருவதைவிட உயரத்தில் வரும். கவுனின் இடுப்புத் தையல் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். கச்சு தைக்க நேரமில்லை என்றால், உறுதியான பிரா ஒன்றின் தோள் பட்டையை நன்றாக ஏற்றிக் கட்டி அளவெடுங்கள். பிறகு கவுன் அணியும் ஒவ்வொரு முறையும் அதே பிரா, அதே ஏற்றம்தான். உள்பாவாடையை விட்டுவிடாதீர்கள். மெல்லிய மஸ்லின் காலோடு ஒட்டாமல் விழுவதற்கு அதுதான் காரணம்.

துணி

வெள்ளை மஸ்லின் மோகத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1783இல் பிரான்ஸ் அரசி மேரி அன்டாய்னெட், ஓவியர் விஜே லெ பிரன் வரைந்த படத்தில் சாதாரண வெள்ளை மஸ்லின் உடையில் தோன்றினார். அரசி உள்ளாடையோடு நிற்பதுபோல் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, கண்காட்சியிலிருந்து அந்தப் படத்தை எடுக்க வேண்டி வந்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுவதும் அதே உடைதான். கிரேக்கச் சிலைகளின் மடிப்புகளைப் போல விழ வேண்டும் என்பது அந்தக் காலத்தின் ஆசை. அப்படி விழக்கூடிய துணி டாக்காவிலிருந்து போனது. ஓடும் நீர் என்று பொருள்படும் ஆப்-இ-ரவான், பனித்துளி என்று பொருள்படும் ஷப்னம் என்று அந்த மஸ்லின்களுக்குப் பெயர். 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் உருவாக்கிய மியூல் நூற்பு இயந்திரம் மெல்லிய நூலை ஆலையிலேயே நூற்க வழி செய்தது. அதன் பிறகு இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தாங்களே மஸ்லின் நெய்தன. டாக்கா நெசவாளர்களின் பிழைப்பு சரிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் துணியை மடியில் வைத்துத் தைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

இன்று நமக்கு எளிதாகக் கிடைப்பது மல் காட்டன். கைத்தறி மல் கிடைத்தால் இன்னும் நல்லது. கஞ்சி போட்ட விறைப்பான வாயில் (voile) துணி வேண்டாம், பலூன் போல நிற்கும். 44 இஞ்ச் அகலத்தில் 5 மீட்டர் போதும். லைனிங்குக்கு மெல்லிய லினன் அல்லது கெட்டியான பருத்தி 1 மீட்டர். ஒத்திகைக்குக் காடாத் துணி 1 மீட்டர். அரை இஞ்ச் பருத்தி நாடா 4 மீட்டர், பருத்தி நூல், தேன்மெழுகு ஒரு கட்டி. நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்துவிட்டுத் தைத்தால் முறுக்கிக்கொள்ளாது.

வெள்ளையில் மெல்லிய கரை போட்ட மல் சேலை ஒன்று வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஐந்தரை மீட்டர் தாராளம். கரை பாவாடையின் கீழ் ஓரத்தில் வர வேண்டுமானால் சேலையை நீளவாக்கில் திருப்பி வெட்ட வேண்டும். அப்போது சேலையின் அகலமான 45 இஞ்ச்தான் பாவாடையின் உயரம், அதற்கு மேல் கிடையாது. மார்புக்குக் கீழிருந்து தரை வரை உங்கள் உயரத்தை அளந்துவிட்டு முடிவெடுங்கள். கீழே மடித்து அடிக்கத் தேவையில்லை என்பது இதில் ஒரு லாபம்.

எந்தத் துணியானாலும் முதலில் நனைத்து, வெந்நீரில் ஒருமுறை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோல்.

லைனிங்கை உடலில் பொருத்துதல்

இந்தப் பகுதிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். உதவிக்கு இன்னொருவர் வேண்டும், முதுகில் தானே குத்திக்கொள்ள முடியாது. கவுன் நன்றாக அமைவதும் அமையாததும் இங்கேதான் முடிவாகிறது.

காடாவில் நான்கு வகைத் துண்டுகள் வெட்டுங்கள்: நடு முதுகு, பக்க முதுகு இரண்டு, முன் மடல் இரண்டு, தோள் பட்டை இரண்டு. பக்கத் தையலிலும் தோளிலும் 1 இஞ்ச், மற்ற இடங்களில் அரை இஞ்ச் துணி விடுங்கள். கழுத்தையும் கைக்குழியையும் வேண்டுமென்றே சிறியதாக வெட்டுங்கள். அதிகமாக வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

நடு முதுகுத் துண்டு, தோள்பட்டை எலும்பு அளவில் அகன்று, இடுப்புக் கோட்டில் மூன்று நான்கு இஞ்ச்சாகக் குறுகும். பெரிய கழுத்தோடு பார்க்க வைர வடிவம் போலத் தெரியும். பெரிய பெரிய ஓட்டுத் தையலில் துண்டுகளை இணைத்து, உள்ளாடை அணிந்த உடலின் மேல் போட்டுப் பாருங்கள். முன் மடல்கள் இரண்டும் மார்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறி, குண்டூசியால் குத்தக்கூடிய அளவு இருக்க வேண்டும். இந்த மடல்கள் கவுனுக்குள் மறைந்துவிடும். ஆனால் மொத்த கவுனின் பாரத்தையும் தாங்குவது இவைதான்.

முதலில் முதுகைப் பாருங்கள். நடு முதுகு சுருக்கமின்றிப் படிய வேண்டும். குறுக்கே கோடுகள் விழுந்தால் பக்கத் தையலைத் தளர்த்துங்கள். நெடுக்காகத் தொங்கினால் முதுகின் அகலம் அதிகம், வளைவுத் தையலில் எடுத்துவிடுங்கள். அடுத்து தோள். தோள் பட்டையை முன்னாலிருந்து பின்னால் இழுத்து, தோள் உச்சியைத் தாண்டி ஒன்றரை இஞ்ச் பின்னால் இணைப்பு வருமாறு குத்துங்கள். கடைசியாகக் கைக்குழி. கையை முன்னால் நீட்டச் சொல்லி, பிடிக்கும் இடத்தில் சிறு வெட்டு கொடுங்கள். ஒருமுறைக்குக் கால் இஞ்ச்சுக்கு மேல் வேண்டாம். அக்குளில் ஆழமாக வெட்டினால் கை தாராளமாக அசையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, சின்னதாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போது உடல் பகுதி கூடவே எழும்பாது.

இடுப்புக் கோட்டில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டி, சாக்கால் குறியுங்கள். பின்பக்கம் கீழே சரியக் கூடாது. முன்னைவிட ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் அழகுதான், தாழ்ந்தால் கவுன் சோர்ந்துபோனதுபோல் தெரியும்.

எல்லாம் படிந்ததும் தையலைப் பிரித்து, காடாத் துண்டுகளை இஸ்திரி போட்டுத் தட்டையாக்குங்கள். இதுதான் உங்கள் பேட்டர்ன். இதை வைத்து லினனையும், முதுகுத் துண்டுகளையும் தோள் பட்டையையும் மட்டும் மல்லிலும் வெட்டுங்கள்.

உடல் பகுதியைத் தைத்தல்

ஐசக் சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். 1805இன் ஒவ்வொரு தையலும் கையால் போட்டது. உள்ளே மறையும் இணைப்புகளுக்கு இயந்திரம் பயன்படுத்துவது உங்கள் விருப்பம். வளைந்த முதுகுத் தையலையாவது கையால் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், அது வெளியே தெரியும் தையல்.

லைனிங்கும் மல்லும் சேர்த்து ஒரே துணியாக ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். நடு முதுகுத் துண்டின் வளைந்த ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். அதைப் பக்க முதுகின் மேல் குறித்த கோட்டில் வைத்து, மடிப்பு ஓரத்தையொட்டி மேலிருந்தே சின்னச் சின்னப் பின் தையல் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி எடுப்பது) போடுங்கள். இஞ்ச்சுக்குப் பத்து தையல் வந்தால் நன்று. வளைவைப் பார்த்துக்கொண்டே தைக்க முடிவதால், புரட்டித் தைப்பதைவிட இந்த முறையில் கோடு சீராக வரும். பக்கத் தையலுக்குச் சாதாரணப் பின் தையல் போதும். தோள் பட்டையும் முதுகைப் போலவே, மேலே வைத்துத் தைப்பதுதான்.

கை

மாலைக் கவுனுக்குக் குட்டைக் கை, பகல் உடுப்புக்கு நீளக் கை. நீளக் கையைக் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டினால் முழங்கையில் மடங்கி, மணிக்கட்டில் ஒட்டிப் படியும். துணி கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஆனால் செலவுக்குத் தகுந்தது.

இன்றைய கையில் சுருக்கு தோள் உச்சியில் வரும். இந்தக் கையில் தோளுக்குப் பின்னால் குவிய வேண்டும். அக்குள் பகுதியை முதலில் பின் தையலால் பொருத்திவிடுங்கள். பிறகு கவுனை அணிந்துகொண்டு, கையின் மேல் பகுதியைத் தோளின் மேல் இழுத்து, மிஞ்சும் துணியைப் பின்பக்கமாகத் தள்ளிச் சிறு கொசுவங்களாகக் குத்துங்கள். கையை மடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு இழுத்தால் கொசுவத்தை ஒன்றிரண்டு தளர்த்திவிட்டுத் தையுங்கள். கையின் அடித்தையல் பக்கத் தையலோடு நேராகச் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய கவுன்களில் பெரும்பாலும் சேர்வதில்லை.

பாவாடை

முன் பாவாடை கீழே 40 இஞ்ச், மேலே 24 இஞ்ச் அகலம், இரு பக்கமும் சரித்து வெட்டியது. பின் பாவாடை நேராக 60 இஞ்ச். இரண்டையும் பக்கத்தில் இணைக்கும்போது மேலிருந்து 9 இஞ்ச் தைக்காமல் விடுங்கள். கவுனுக்குள் நுழையும் வழி அதுதான். அந்தத் திறப்பின் ஓரங்களை மெல்லியதாக மடித்து ஹெம்மிங் செய்து, கிழியும் முனையில் நான்கைந்து தையல்களை ஒரே இடத்தில் போட்டு உறுதி செய்யுங்கள்.

பாவாடை இணைப்புக்கு அக்காலத்தில் ஓர் அருமையான வழி இருந்தது. ஒரு துணியின் ஓரத்தை மற்றதைவிடக் கால் இஞ்ச் வெளியே நீட்டி வையுங்கள். நீண்ட ஓரத்தைக் குட்டை ஓரத்தின் மேல் இருமுறை மடித்து, எல்லா மடிப்புகளையும் பிடித்து ஒரே ஹெம்மிங்காகத் தைத்துவிடுங்கள். இணைப்பும் பிசிறு மறைப்பும் ஒரே தையலில் முடிந்துவிடும்.

மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு 32 இஞ்ச் என்று வைத்துக்கொண்டால் பின்பக்கத்துக்கு 16. அதில் இருபக்கமும் 6 இஞ்ச் வீதம் பாவாடையைச் சமமாகத் தைத்துவிட்டால், மிஞ்சும் 48 இஞ்ச் துணி நடுவில் 4 இஞ்ச்சுக்குள் அடங்க வேண்டும். பயப்படாதீர்கள், மல் அடங்கும். மேல் ஓரத்தை மடித்து, எட்டிலொரு இஞ்ச் அளவில் ஒரே சீராக ஓட்டுத் தையல் போடுங்கள். கால் இஞ்ச் கீழே இரண்டாவது வரிசை, முதல் வரிசையில் ஊசி இறங்கிய இடங்களுக்கு நேராக. இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் மடிப்புகள் விசிறிபோல அடுக்கி நிற்கும். ஊசி முனையால் ஒவ்வொன்றையும் தடவி நேராக்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தையல் போட்டு உடல் பகுதியோடு இணையுங்கள். எனக்கு இந்த 4 இஞ்ச்சுக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. கவுன் நடக்கும்போது பின்னால் நீர்போல அசைவது இந்த மடிப்புகளால்தான்.

முன் பாவாடையின் மேல் ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டு கொசுவம் வைத்து 24 இஞ்ச்சை 16 ஆக்குங்கள். நடுப்பகுதி சுருக்கமின்றி இருக்கட்டும். அதை ஒரு பட்டியில் அடக்கி, பட்டியின் இரு முனையிலும் நீள நாடா தையுங்கள்.

மார்புத் துண்டு

முன் பட்டியின் மேல் நிற்கும் செவ்வகத் துண்டு இது. மார்பின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு வெட்டி, கீழ் ஓரத்தைச் சுருக்கிப் பட்டிக்குள் வைத்துத் தையுங்கள். மேல் ஓரத்தை மடித்து அதற்குள் மெல்லிய நாடாவை ஓட்டினால் கழுத்தை வேண்டிய அளவு சுருக்கிக்கொள்ளலாம். முதுகுக் கழுத்து ஓரத்தையும் தோள் பட்டையின் விளிம்பையும் மெல்லிய ஹெம்மிங்கில் முடித்துவிடுங்கள்.

கீழ் ஓரமும் உடுத்தும் முறையும்

சரிவாக வெட்டிய முன் பாவாடை தொங்கத் தொங்க நீளும். ஆகவே கவுனை ஒரு இரவு முழுக்கத் தொங்கவிட்டு, மறுநாள் கவுனோடு அணியும் அதே செருப்புடன் நின்று கீழ் ஓரத்தைக் குறியுங்கள். நடந்து திரியும் உடுப்பானால் கணுக்கால் தெரியட்டும். மாலை உடுப்பில் பின்பக்கம் தரையில் சிறிது இழுபடும் நீளம் 1800களின் தொடக்கத்தில் இன்னும் வழக்கத்தில் இருந்தது. ஒரு இஞ்ச் மடிப்பு போதும், அகல மடிப்பு வைத்தால் மல் அதன் மென்மையை இழந்துவிடும்.

உடுத்தும்போது முன் பாவாடையைக் கீழே தொங்கவிட்டு, கவுனை முதுகுப் பக்கமாகக் கோட்டு போடுவதுபோல் கைகளில் ஏற்றுங்கள். லைனிங் மடல்கள் இரண்டையும் மார்புக்குக் கீழே இறுக்கி, இரண்டு குண்டூசிகளைக் கிடைவாக்கில் குத்துங்கள், முனை துணிக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். இப்போது முன் பாவாடையைத் தூக்கி, நாடாக்களை முதுகுக்குக் கொண்டுபோய்ச் சுருக்கத்தின் மேல் கட்டுங்கள். மார்புத் துண்டை நிமிர்த்தி, மேல் நாடாவைச் சுருக்கி முடிச்சை உள்ளே தள்ளிவிடுங்கள். அதன் இரு மூலைகளையும் தோள் பட்டையில் மூலைக்கொரு குண்டூசியால் பிடித்துவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பாருங்கள்.